நர்கீஸ் தவறி அனுப்பிய பாட்டு

திண்டுக்கல் பேகம்பூரில் துணி தைக்கும் நர்கீஸுக்கு ஊரே முணுமுணுக்கும் பாட்டு எதுவும் பிடிக்காது. சினிமாக் கொட்டகையில் எந்தப் பாட்டு வந்ததும் ஆண்கள் பீடி பற்ற வைக்கவும் பெண்கள் பிள்ளைகளை ஒன்றுக்கு விடவும் எழுந்து போவார்களோ, அதுதான் அவளுக்குப் பிடித்த பாட்டு. சின்ன வயதில் அத்தாவோடு படம் பார்க்கப் போனபோதே அப்படித்தான். சுற்றிலும் நாற்காலிகள் காலியாகிக் கிடக்க, நடுவில் ஒற்றையாளாக உட்கார்ந்து, ஒரு சிரிப்பு நடிகர் ஆட்டுக்குட்டியிடம் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் பாடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "எந்திரிச்சு வா புள்ள, முறுக்கு வாங்கலாம்" என்று அத்தா கையைப் பிடித்து இழுத்தாலும் அசையமாட்டாள்.

கல்யாணமாகி வந்த பிறகு தையல் மிஷினும் ரேடியோவும் துணையாயின. பாட்டின் நடுவில் பாடுகிறவர் தும்முவது, கோரஸ் பாடும் பெண்களில் ஒருத்தி மட்டும் ஒரு வரி முந்திப் போய்விடுவது, சோகப் பாட்டில் எங்கிருந்தோ ஒரு சேவல் கூவிவிடுவது, இதெல்லாம் அவள் காதில் மட்டும் எப்படியோ விழுந்துவிடும். விழுந்ததும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். ஜாக்கெட் வாங்க வந்து காத்திருக்கும் பெண்கள் தங்கள் அளவைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று முறைப்பார்கள்.

அவள் வீட்டுக்காரர் மைதீன் பிச்சை தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. ஆட்டுத் தோலுக்கு உப்பு எவ்வளவு, ஊறல் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பாட்டு என்றால் மட்டும் எரிச்சல். "மனுசன் சோலியப் பாக்காம ராகம் இழுத்துக்கிட்டிருப்பானா?" என்பார். அப்படிச் சொன்ன வாயோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அங்கே நிறுத்தி வைத்திருக்கும் பிளாஸ்டிக் டிரம்மைத் தட்டிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்துவிடுவார் பாருங்கள், அடுத்த தெரு நாய் எழுந்து உட்காரும். வெளியே வந்ததும், "நீங்க பாடுனீங்களே" என்றால், "நானா? பாட்டா? கனா கண்டியா?" என்பார். பொய் சொல்லவில்லை. தான் பாடுவது அவருக்கே தெரியாது.

இதை மகள் ருக்ஸாரும் நம்பவில்லை. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து போனில், "அத்தா பாடுவாங்களா? சும்மா சொல்லாதம்மா" என்று சிரித்தாள். "இருடி, அனுப்பி வைக்கிறேன்" என்று நர்கீஸ் ஒருநாள் காலை போனைப் பாத்ரூம் கதவிடுக்கில் வைத்துப் பதிவு செய்தாள்.

அன்றைக்குப் பார்த்து வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமை என்னவென்று சொல்ல வேண்டும். யூடியூபில் யாரும் சீந்தாத பழைய பாட்டு ஒன்றின் கீழே நர்கீஸ் ஒருமுறை, "இந்தப் பாட்டுக்கு உலகத்துல நான் ஒருத்திதான்னு நெனச்சேன்" என்று எழுதிவைத்தாள். "நானும்தான்" என்று அடியில் மூன்று பேர் வந்து நின்றார்கள். நால்வரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் 'கேட்பாரற்ற பாட்டுகள்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். வாரம் ஒருவர் முறை. வியாழன்தோறும் ஒரு பாட்டு.

குழுவுக்குத் தலைவர் அருள்நாதன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், திண்டுக்கல்லிலேயே இருக்கிறார். விசிலைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைத்தாரே தவிர, விசில் ஊதும் குணத்தை ஒப்படைக்கவில்லை. பாட்டு அனுப்பினால் படம் எது, ஆண்டு எது, இசையமைத்தவர் யார் என்று வரிசையாக நிற்க வேண்டும். இரண்டாவது ஆள் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் பொன்னழகு. எந்தப் பாட்டைச் சொன்னாலும் அந்தப் படத்தைத் தான் பார்த்திருப்பதாகச் சொல்வார். மூன்றாவது, பழனியில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருக்கும் சத்யபிரியா. குழுவிலேயே இளையவள், குரலை வைத்தே ஆளை எடை போடுபவள்.

இவர்களுக்கு நடுவில் நர்கீஸின் பாடு திண்டாட்டம். அவளுக்குப் படமும் தெரியாது, ஆண்டும் தெரியாது. சேவல் எந்த இடத்தில் கூவும் என்பது மட்டும்தான் தெரியும். போன முறை அவள் அனுப்பிய பாட்டுக்கு அருள்நாதன், "நர்கீஸம்மா அவர்கள் இனிமேலாவது தும்மல், விக்கல், கொட்டாவி அல்லாத பாட்டாகத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டார். அது அவளுக்கு ஊசி விரலில் ஏறியதுபோல் இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவள் முறை. குழுவுக்கு ஒரு பாட்டு, மகளுக்கு ஒரு பாட்டு, இரண்டையும் அனுப்பிவிட்டு அவசரமாகத் தைக்க உட்கார்ந்தாள். செத்த நேரத்தில் மகளிடமிருந்து போன்.

"என்னம்மா இது? யாரோ ஒரு பொம்பள விக்கிக்கிட்டே பாடுது. அத்தா எங்க?"

நர்கீஸின் கால் மிஷினில் அப்படியே நின்றது. குழுவைத் திறந்தாள். அங்கே, தண்ணீர் சலசலக்க, டிரம் அதிர, மைதீன் பிச்சை முழங்கிக்கொண்டிருந்தார்:

"ஊறு ஊறு ஆட்டுத் தோலே
உப்புத் தண்ணி உனக்குப் பாலே
நாறு நாறு நல்லா நாறு
நாளைக்கு நீ சீமை பாரு..."

கடைசியில் வழக்கம்போலத் துண்டை மறந்துவிட்டு, அதே ராகத்தில், "நர்கீ...ஸு, துண்டு! துண்டு!" என்று முடித்திருந்தார்.

அழித்துவிடலாம் என்று விரலை வைத்தாள். அதற்குள் சத்யபிரியாவின் குரல் வந்து விழுந்தது. "ஏனுங்க்கா, என்ன கொரலுங்க்கா அது! ரூம் கேட்டு வந்தவங்களை நிக்க வெச்சுட்டு மறுக்கா மறுக்கா கேட்டேனுங்க. அருவிக்குப் பக்கத்துல வெச்சு ரெக்கார்டு பண்ணியிருக்காங்களாட்டம் இருக்குதுங்க!"

அருவியா? நர்கீஸ் விரலை எடுத்தாள்.

அடுத்து அருள்நாதன் எழுதினார். சாதாரணமாக இரண்டு வரி எழுதுகிறவர், அன்றைக்கு ஒரு கட்டுரையே எழுதினார். இது தோல் தொழிலாளர்களின் பாட்டு. வெளிவராமல் பெட்டிக்குள் முடங்கிப்போன ஏதோ ஒரு புரட்சிப் படத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். 'நாறு' என்ற சொல்லைத் துணிந்து போட்ட கவிஞர் சாமானியர் அல்லர். 'சீமை பாரு' என்பதில் ஏற்றுமதி முதலாளிகளுக்கு ஒரு குத்து இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதியில் 'நரகம் துண்டு துண்டு' என்று முழங்குகிறாரே, அங்கேதான் பாட்டு வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. உழைப்பவனின் நரகம் ஒருநாள் துண்டு துண்டாகச் சிதறும் என்று பொருள். அதற்குப் பின் மெலிதாக ஒரு பெண்குரல் கேட்கிறது. கதாநாயகி பதில் சொல்லும் இடமாக இருக்கலாம். கட்டுரையின் கடைசி வரி: "நர்கீஸம்மாவுக்கு என் வணக்கம்."

நர்கீஸ் அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பொன்னழகும் சும்மா இருக்கவில்லை. "சார், படம் வெளிவந்துச்சு சார். எங்க ஊரு டூரிங் கொட்டாயில மணல்ல உக்காந்து பாத்தேன். இந்தப் பாட்டுல ஒரு குதிர வரும். வெள்ளக் குதிர."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நர்கீஸ் நினைத்தாள். 'அது எங்க வீட்டுக்காரரு' என்று எழுதினாள். அனுப்பும்போது டிரில் மாஸ்டரின் வணக்கம் கண்ணில் பட்டது. அழித்தாள். 'பாட்டு எங்கே கிடைத்தது?' என்று அருள்நாதன் கேட்டதற்கு, "வீட்டுலதான் கெடந்துச்சு சார்" என்று மட்டும் எழுதினாள். அதில் ஒரு பொய்யும் இல்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

சிக்கல் வேறு பக்கத்தில் முளைத்தது. சாயங்காலம் மைதீன் பிச்சை வந்தபோது அவள் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி இவன், கழுத்துல கயிறு மாட்டுன எரும மாதிரி?"

நர்கீஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை. தன் குரலை அவருக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.

"நல்லாத்தானே பாடுறாரு."

"இதுவா? இத ரசிக்க ஒரு கூட்டம் வேறயா?"

"கொரலுக்கு மயங்கிக் கெடக்காக. பழனில ஒரு புள்ள சோறு தண்ணி இல்லாம கேக்குது."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் மறுநாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். அவர் பக்கத்தில் இருந்தால் மட்டும், துண்டு கேட்கும் இடம் வருமுன் நிறுத்திவிடுவாள். குழுவில் வந்த புதுப்புது ஆராய்ச்சிகளைப் படித்து, அது சரியா என்று பார்க்க மறுபடி கேட்டாள். மைதீன் பிச்சைக்கு உள்ளுக்குள் புகைய ஆரம்பித்தது. சாப்பிடும்போது, "வெஞ்சனத்துல உப்பு இல்ல. எப்புடி இருக்கும்? மனசு அவன் தொண்டையிலல்ல இருக்கு" என்றார். அத்தர் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். தோல் ஷாப்புக்கு அத்தர் பூசிக்கொண்டு போகிற மனிதரை அங்கே யாரும் கண்டதில்லை.

அதைவிட வினோதம், பாத்ரூமில் சத்தம் நின்றுபோனது. எவனோ பாடுகிறான் என்ற கடுப்பில் மனிதர் உள்ளே போய் மூச்சுக் காட்டாமல் குளித்துவிட்டு வந்தார். அந்த நேரத்தில் வீடு ஆளில்லாத வீடுபோல இருந்தது. நர்கீஸ் இரண்டு முறை கதவைத் தட்டி, "உள்ளதான் இருக்கீகளா?" என்று கேட்டாள். "எங்க போவேன்?" என்று பதில் வந்தது. இத்தனை வருசமாக நாட்டிலுள்ள விக்கலையும் கொட்டாவியையும் தேடி அலைந்தோமே, இதைக் கவனித்தோமா என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அன்றைக்கு ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டாள்.

இதற்கிடையில் அருள்நாதன் முடிவெடுத்தார். இவ்வளவு அரிய பாட்டு இருக்கும் வீட்டை நேரில் பார்க்காமல் இருப்பது தகாது. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நர்கீஸம்மா வீட்டில் கூடுவது.

"பாட்டுச் சிநேகிதக்காரக வர்றாக" என்று நர்கீஸ் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"அந்தப் பாட்டுக்காரனும் வாரானா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வீட்டுல இருப்பாருன்னுதான் நெனைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மைதீன் பிச்சை புதுச் சட்டை போட்டு, மீசையை ஒதுக்கி, வாசலைப் பார்த்தே நின்றார். முதலில் பொன்னழகு ஒரு பை நிறைய மல்லிகையோடு வந்தார். "நீங்க பாடுவீகளா?" என்று வாசலிலேயே விசாரித்தார் மைதீன் பிச்சை. "நான் பாக்குறதோட சரி பாய்" என்றார் அவர். சத்யபிரியா பஞ்சாமிர்த டப்பாக்களோடு வந்தாள். கடைசியில் அருள்நாதன், கையில் ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு, அணிவகுப்புக்கு வருகிறவர்போல நிமிர்ந்து வந்தார். மைதீன் பிச்சை அவர் தொண்டையையே உற்றுப் பார்த்தார். ஆனால் அந்தத் தொண்டையில் வந்தது கீச்சுக் குரல். மனிதர் கொஞ்சம் ஆறுதலடைந்தார்.

நெய்ச்சோறும் தாளிச்சாவும் மணத்துக்கொண்டிருந்தன. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை நல்ல ஸ்பீக்கரில் எல்லோரும் சேர்ந்து கேட்டுவிடலாம் என்றார் அருள்நாதன். "அடுப்புல வேல இருக்கு" என்று நர்கீஸ் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

போனில் கேட்டபோது அருவியாக இருந்தது, ஸ்பீக்கரில் கேட்டால் வாளியில் விழும் தண்ணீராக இருந்தது. சோப்பு டப்பா கீழே விழுந்து உருளும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அருள்நாதன் புருவத்தைச் சுருக்கினார். பாட்டு முடிவுக்கு வந்தது. "நர்கீ...ஸு, துண்டு! துண்டு!" இப்போது அதில் நரகம் எங்கும் இல்லை. அதற்குப் பின், கதாநாயகியின் பதில் வீடு முழுக்க ஒலித்தது: "வாரேன், வாரேன்! கொடியிலதான காயுது, கத்தாதீங்க!"

"நர்கீஸக்கா, தண்ணி கொண்டாங்க" என்று பொன்னழகு மெதுவாகக் கேட்டார்.

"வாரேன், வாரேன்!" என்று அடுப்படியிலிருந்து அதே குரல் வந்தது.

எல்லோரும் மைதீன் பிச்சையைத் திரும்பிப் பார்த்தார்கள். மைதீன் பிச்சை ஸ்பீக்கரைப் பார்த்தார். பாத்ரூம் கதவைப் பார்த்தார். மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு வாளி" என்றார்.

தண்ணீர்ச் செம்போடு வந்த நர்கீஸ் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். "மகளுக்கு அனுப்ப வேண்டியத மாத்தி அனுப்பிட்டேன் சார்" என்றாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க வணக்கம் வேற போட்டுட்டீகளா, மனசு வரல."

அருள்நாதன் ஸ்பீக்கரை நிறுத்தினார். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்ப... ஆண்டு?"

"இந்த வருசம்தான் சார்."

சத்யபிரியாவுக்கு முதலில் பஞ்சாமிர்த டப்பா நழுவியது. அப்புறம் சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "பொன்னழகண்ணா, அந்த வெள்ளக் குதிரைங்க?"

பொன்னழகு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அது வேற படமா இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அருள்நாதனாலும் அடக்க முடியவில்லை. கீச்சுக் குரலில் அவர் சிரிக்கத் தொடங்கியதும் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிக்காதது மைதீன் பிச்சை மட்டும்தான். அவர் மெல்ல எழுந்து வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார்.

"இம்புட்டு நாளும் நீ கேட்டுக் கேட்டுச் சிரிச்சது என்னையத்தானா?"

"வேற யாரை?"

அவர் காது சிவந்துபோனது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "கொரல் ஒண்ணும் மோசமில்ல" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் சத்யபிரியா பிடித்துக்கொண்டாள். "ஒருக்கா நேர்ல பாடுங்க சார். இதுக்குன்னே பழனியில இருந்து வந்திருக்கறனுங்க." மைதீன் பிச்சை கூடத்தில் நடுநாயகமாக நின்று தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். கதவு கீல் கிரீச்சிடுவதுபோல ஏதோ ஒன்று வந்தது. மறுபடி செருமினார். அதுவும் வரவில்லை. வியர்த்துவிட்டது.

"அவருக்கு இங்கன வராது" என்றாள் நர்கீஸ். "உள்ள அனுப்பணும்."

அப்படியே செய்தார்கள். புதுச் சட்டையோடு அவரைப் பாத்ரூமுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். டிரில் மாஸ்டர் முன் வரிசை.

"எல்லாரும் போயிட்டாகளா?" என்று உள்ளிருந்து கேட்டார் மைதீன் பிச்சை.

"போயிட்டாக" என்றாள் நர்கீஸ்.

குழாய் திறந்தது. டிரம்மில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. யாரும் எழுதிக் கொடுக்காத பாட்டு ஒன்று, நெய்ச்சோற்றையும் பஞ்சாமிர்தத்தையும் ஒரே இலையில் வைத்ததால் வந்த வினையைப் பற்றி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அருள்நாதன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். பொன்னழகு பூப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

குழுவின் சட்டம் அன்றைக்கே மாறிவிட்டது. படமும் ஆண்டும் தெரியாத பாட்டுக்கும் இடம் உண்டு என்று அருள்நாதன் தன் கையாலேயே எழுதினார். நர்கீஸை அவர் இப்போதெல்லாம் "பாட்டம்மா" என்கிறார். கேலியா மரியாதையா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, கூப்பிட்டால் திரும்புகிறாள்.

மைதீன் பிச்சையையும் குழுவில் சேர்த்தார்கள். அதுதான் தப்பாகப் போனது. வியாழக்கிழமைவரை காத்திருக்கிற பொறுமை அவருக்கு இல்லை. காலையில் ஒன்று, ஷாப்பிலிருந்து வந்ததும் ஒன்று என்று போட்டுத் தாக்கினார். சத்யபிரியா முதலில் கைதட்டினாள், அப்புறம் வெறும் கட்டைவிரலை மட்டும் போட்டாள், அப்புறம் சத்தத்தை நிறுத்திவைத்துவிட்டாள். நர்கீஸால்தான் எதையும் நிறுத்திவைக்க முடியவில்லை. பாத்ரூம் அவள் மிஷினுக்கு நேர் எதிரே இருக்கிறது.

விடாமல் கேட்கிற ஒரே ஆள் அருள்நாதன்தான். போன வாரம் பேகம்பூருக்குத் தண்ணீர் வரவில்லை. இரண்டு நாளாகப் பாட்டு வராததைப் பார்த்துவிட்டு அவர் நர்கீஸுக்குப் போன் போட்டார்.

"சார் குளிக்கலியா?"

"தண்ணி இல்ல சார், எங்க குளிக்க?"

"நம்ம வீட்டுல போர் இருக்கு. அனுப்பி விடுங்க."

மைதீன் பிச்சை துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு, அத்தர் பூசி, உற்சாகமாகக் கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"நல்ல மனுசன்தான்" என்றார் அவர், பையைக் கீழே வைத்துக்கொண்டே. "ஆனா அம்புட்டுச் செலவழிச்சுக் கட்டிருக்காரு, பாத்ரூம சரியாக் கட்டலையேடி. சத்தம் எழும்பவே மாட்டேங்குது."